மூன்று லிட்டர் குக்கரைக் கவனித்தவருக்கு

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 24. வேலூரில் பி.காம். முடித்துவிட்டு, இரண்டு வருடமாக ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடும் வேலை பார்க்கிறேன். சம்பளம் 13,000 ரூபாய். காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்பாவுக்குக் கடை இருக்கிறது. ஆஸ்பத்திரிக்காக வெளி மாநிலத்திலிருந்து வந்து லாட்ஜில் தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு ஸ்டவ், குக்கர், பாத்திரம், பாய், தலையணை எல்லாம் நாள் வாடகைக்குக் கொடுப்போம். பக்கெட், மக், பெட்ஷீட் விற்பதும் உண்டு. அண்ணன்தான் கடையில் நிற்கிறான். பெங்காலி, இந்தி இரண்டிலும் வெளுத்துக் கட்டுவான்.

எனக்குப் பேச வராது. யாராவது பேரம் பேசினால் உடனே குறைத்துவிடுவேன். "உன்ன கல்லாவுல உக்கார வச்சா கடையவே எழுதிக் குடுத்துட்டு வந்துடுவ" என்று அப்பா சிரிப்பார். ஆனால் எனக்கு வியாபாரத்தில்தான் ஆசை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் டெபாசிட் நோட்டு எழுதுவேன்.

(இது தேவையில்லாத விஷயம், மன்னிக்கவும். எங்கள் கடையில் மூன்று லிட்டர் குக்கர் பத்து இருக்கிறது. பத்தும் எப்போதும் வெளியிலேயே இருக்கும், தினமும் மூன்று நான்கு பேரைத் திருப்பி அனுப்புகிறோம். ஐந்து லிட்டர் பதினான்கு இருக்கிறது, நான்குதான் வெளியே போகும். வருகிறவர்கள் நோயாளியும் துணைக்கு ஒருவரும்தானே. அப்பாவிடம் சொன்னதற்கு, மொத்தமாக எடுத்தபோது பெரியதுதான் மலிவாக வந்தது என்றார். 2024-ல் வங்கதேசத்து ஆட்கள் வரத்து குறைகிறது என்பதையும், நோட்டில் முகவரியைப் பார்த்து நான்தான் வீட்டில் முதலில் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. அப்பா எப்போதும்போல் நூறு பெட்ஷீட் எடுத்துவிட்டார். பாதி இன்னும் பரணில் இருக்கிறது.)

அம்மா பேங்க் எக்ஸாம் எழுதச் சொல்கிறார். தோழி எம்.பி.ஏ. சேரலாம் வா என்கிறாள். மொபைலில் ஒரு டெஸ்ட் எழுதினேன், 'இன்ட்ரோவர்ட்' என்று வந்தது. பேசாத ஆள் பிசினஸ் லைனுக்குப் போகலாமா? போனால் எதில் போவது?

– ஒரு வாசகி, வேலூர்

பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் அம்மா. கேள்வி கடைசி வரியில் இருக்கிறது. பதில் நடுவில், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்ட அந்தச் சில வரிகளில் இருக்கிறது.

ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருடம் ஆள் எடுக்கும் வேலை பார்த்தவன் நான். ஆரம்பத்தில் எல்லாரையும்போல நானும் "உங்க பலம் என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடின உழைப்பு, டீம் ஒர்க், தலைமைப் பண்பு என்று எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுவார்கள். அலுத்துப்போய் அந்தக் கேள்வியை விட்டேன். அதற்குப் பதிலாக, "உங்க வீட்டுக்குப் போன தடவை கரண்ட் பில் எவ்வளவு வந்தது? அதுக்கு முந்தின தடவையைவிடக் கூடவா, குறைவா?" என்று கேட்பேன். பெரும்பாலான ஆட்கள் முழிப்பார்கள். எப்போதாவது ஒரு பிள்ளை, "எழுபது ரூபா கூட சார், பாட்டி வந்து ரெண்டு வாரம் தங்கினாங்க, ராத்திரியெல்லாம் ஃபேன் ஓடிச்சு" என்று சொல்லும். அந்தப் பிள்ளையை நேராக ஸ்டோர்ஸுக்கு அனுப்பிவிடுவேன். யாரும் கேட்காமலே ஒருவர் எதை எண்ணிப் பார்க்கிறார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நீங்கள் குக்கரை எண்ணியிருக்கிறீர்கள்.

சரி, முதலில் இந்தப் பேச்சு விவகாரத்தை முடித்துவிடுவோம். வியாபாரம் என்றால் வாய் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. அதை நம்பி நான் இரண்டு வருடம் பாழாக்கியிருக்கிறேன்.

வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்த 1989-ல்தான் எனக்கு முதல் வேலை கிடைத்தது. தோல் பதனிட உதவும் சாயம், எண்ணெய் விற்கிற ஒரு கம்பெனி. "பையன் நல்லா பேசறான்" என்றுதான் எடுத்தார்கள். மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பஸ்ஸில் சுற்றுவேன். தோல் ஷாப்புகளில் என்னை எல்லாருக்கும் பிடிக்கும். முதலாளி பாய் டீ வாங்கிக் கொடுப்பார், வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுவார், ஆர்டரும் கொடுப்பார். சரக்கு போய்விடும். பணம் மட்டும் வராது. மூன்று மாதக் கடன் ஐந்து மாதமாகும். போய் உட்கார்ந்தால் மறுபடி டீ வரும். குடும்பம், மழை, மார்க்கெட் எல்லாம் பேசிவிட்டு, பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து வருவேன். கேட்டால் முகம் மாறிவிடுமோ என்று பயம். எல்லாருக்கும் பிடித்தவனாக இருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் போய்விட்டது.

அதே ஊர்களில் இன்னொரு கம்பெனிக்காரர் வருவார். பேசினால் கொஞ்சம் திக்கும். ஒரு நீளமான நோட்டு வைத்திருப்பார். மாதம் ஐந்தாம் தேதி வந்து சலாம் வைத்துவிட்டு, பில்லை மேஜை மேல் வைத்து, பாக்கித் தொகையை விரலால் காட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார். அவ்வளவுதான். எதுவும் பேச மாட்டார், எழுந்தும் போக மாட்டார். அரை மணி நேரம் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் பாய் செக் புக்கை எடுத்துவிடுவார். வருட முடிவில் என் பெயரில் ஆர்டர் அதிகம், அவர் பெயரில் வசூல் அதிகம். எந்தக் கம்பெனிக்கு எந்த ஆள் தேவைப்பட்டார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள், நியாயம்தான்.

எனக்குப் பேச வரும் என்பது பொய் இல்லை. அந்தப் பேச்சு எந்த வேலைக்கு உதவும் என்பதில்தான் ஊரும் நானும் கோட்டைவிட்டோம். பின்னாளில் ஆள் எடுக்கும் வேலையில், பயந்துபோய் வந்து உட்காரும் பிள்ளைகளைப் பேசவைக்க அதே வாய்தான் சோறு போட்டது.

இப்போது உங்கள் குக்கருக்கு வருவோம். நீங்கள் பாதிவரைதான் கணக்குப் போட்டிருக்கிறீர்கள், மீதியை நான் போட்டுப் பார்த்தேன். ஐந்து லிட்டர் குக்கர் ஒன்று 1,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து குக்கர் வேலை இல்லாமல் அலமாரியில் இருக்கிறது. 14,000 ரூபாய் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு பக்கம், தினமும் மூன்று நான்கு பேரைத் திருப்பி அனுப்புகிறீர்கள். மூன்று லிட்டர் இன்னும் ஐந்து வாங்கினால் 5,500 ரூபாய் ஆகலாம். நாள் வாடகை 15 ரூபாய் என்றால் ஐந்துக்கும் சேர்த்து 75, மாதத்துக்கு 2,250. எல்லா நாளும் வெளியே போனால் இரண்டரை மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். பாதி நாள்தான் போனது என்றாலும் ஐந்து மாதம். அதற்குப் பிறகு வருவதெல்லாம் பெரும்பாலும் லாபம்தான், கைப்பிடியும் கேஸ்கெட்டும் மாற்றுகிற செலவு போக. விலையும் வாடகையும் என் ஊகம். உங்கள் கடையின் உண்மையான எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

அப்பா தப்பான ஆள் இல்லை. மலிவாகக் கிடைத்ததை வாங்கினார். கடைக்காரர்கள் பெரும்பாலும் அப்படித்தான், வாங்கும் விலையில் ஜெயித்துவிட்டு, வாங்கிய பொருள் எத்தனை நாள் தூங்குகிறது என்பதில் தோற்றுப்போவார்கள். அந்த இரண்டாவது கணக்கைப் பார்க்கிற கண் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. உங்களுக்கு இருக்கிறது. அதை ஏதோ தேவையில்லாத விஷயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதுதான் வேடிக்கை. சுலபமாக வருவதை யாரும் திறமை என்று மதிப்பதில்லை. கஷ்டப்பட்டால்தான் திறமை என்று பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கிவிட்டார்கள்.

இந்தக் கண்ணுக்கு எங்கே சம்பளம் கொடுக்கிறார்கள்? கம்பெனிகளில் பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், பிளானிங், காஸ்டிங் (அடக்கவிலைக் கணக்கு) என்று நாலு பெயரில் கூப்பிடுவார்கள். நான் பார்த்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவு. மேஜையில் ஒரு தோல் விரித்திருக்கும். அதில் மாட்டுக்கு முள் கீறிய தழும்பு இருக்கும், பூச்சி கடித்த புள்ளி இருக்கும், ஓரத்தில் சுருக்கம் இருக்கும். ஷூவின் முன்பக்கம் எல்லார் கண்ணிலும் படுவது, அதற்கு முதுகுப் பக்கத்து நல்ல தோல் வேண்டும். நாக்குக்கும் உள்ளே மறையும் துண்டுகளுக்கும் வயிற்றோரம் போதும். கைதேர்ந்த கட்டர் அச்சை அப்படியும் இப்படியும் திருப்பி, தழும்பைச் சுற்றிச் சுற்றி வைத்து, இடைவெளியே இல்லாமல் வெட்டுவார். புதுப் பையன் நேர்நேராக வைத்து வெட்டுவான். இரண்டு பேரும் ஒரே அளவு தோலைத்தான் வாங்கினார்கள், இரண்டு பேர் பக்கத்திலும் விழும் கழிவு வேறு. ஒரு ஜோடிக்குச் சதுர அடியில் பத்தில் ஒரு பங்கு வீணானால், பத்தாயிரம் ஜோடி ஆர்டரில் ஆயிரம் சதுர அடி தோல் கழிவு மூட்டைக்குப் போய்விடும்.

அந்த ஹாலின் மூலையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். காஸ்டிங் பிரிவு. நாள் முழுக்க அவர் பத்து வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. எந்த மேஜைக்கு எத்தனை சதுர அடி கொடுத்தோம், எத்தனை ஜோடி வந்தது என்று மாலையில் கூட்டுவார். ஒரு நாள் மேனேஜரிடம் வந்து, "ஏழாவது மேஜையில கழிவு கூடுது சார், ஆள் மேல தப்பில்ல, இந்த லாட்ல தோல் சின்னதா வந்திருக்கு" என்றார். சப்ளையருக்கு லெட்டர் போனது. அந்த ஒரு வாக்கியம் அவருடைய ஒரு வருடச் சம்பளத்தைக் கம்பெனிக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

நம் பகுதியில் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது, ஆம்பூர் ஷூ கம்பெனிகள் இருக்கின்றன, பெரிய ஆஸ்பத்திரிகளின் ஸ்டோர்ஸ் இருக்கிறது. ஆஸ்பத்திரி ஸ்டோர்ஸ் தனி உலகம். காலாவதித் தேதி எதற்கு முதலில் வருகிறதோ அதை முதலில் வெளியே அனுப்ப வேண்டும். மருந்து தீர்ந்துபோகவும் கூடாது, தேங்கிக் காலாவதியாகவும் கூடாது. காந்தி ரோட்டில் வளர்ந்த உங்களுக்கு அந்த மருத்துவமனை உலகத்தின் நாடித்துடிப்பு ஏற்கெனவே தெரியும், அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

மொபைல் டெஸ்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூட்டத்தில் உங்களுக்குக் களைப்பு வருமா, தெம்பு வருமா என்பதைத்தான் அது சொல்லும், கடை நடத்த முடியுமா என்பதைச் சொல்லாது. தொழில் தேர்வுக்கென்றே வந்த சோதனைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஜான் ஹாலந்து என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-ல் எழுதத் தொடங்கிய முறை அது. மனிதர்களின் வேலை விருப்பத்தை ஆறு வகையாகப் பிரித்து ஓர் அறுகோணத்தின் மூலைகளில் வைத்தார். ஒன்றுக்கொன்று நெருங்கியவை பக்கத்துப் பக்கத்து மூலையில் வரும். கணக்கு, ஒழுங்கு, பதிவு என்று இருப்பவர்களின் மூலையும், வியாபாரம் செய்து ஆட்களை நடத்துகிறவர்களின் மூலையும் அதில் பக்கத்து வீடு. நீங்கள் நோட்டு எழுதப் போய் வியாபாரத்தில் ஆசைப்படுவது விசித்திரமே இல்லை.

இனி கொஞ்சம் கசப்பாகச் சொல்லவேண்டியது. உங்கள் உண்மையான பலவீனம் பேரம் இல்லை. பேரத்துக்கு வழி இருக்கிறது. கடையில் வாடகைப் பட்டியலைத் தமிழ், இந்தி, பெங்காலி மூன்றிலும் பெரிதாக எழுதி மாட்டிவிடுங்கள். சுவரில் எழுதியதோடு பேரம் பேசுகிறவர்கள் குறைவு. கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறவர்களும் வாயால் பேரம் பேசுவது கொஞ்சம்தான், மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி ஒன்றை இன்னொன்றுக்குப் பக்கத்தில் வைத்தாலே விலை இறங்கும். உங்கள் குறை வேறு. வங்கதேசத்து ஆட்கள் குறைகிறார்கள் என்று முதலில் கண்டுபிடித்தீர்கள். 2024 ஆகஸ்ட்டில் அங்கே ஆட்சி கவிழ்ந்து, விசா கிடைப்பது குறைந்தபோது, காந்தி ரோட்டில் பலருக்கும் அது கல்லாவில் தெரிந்த பிறகுதான் உறைத்தது. உங்களுக்கு நோட்டிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதை எப்படிச் சொன்னீர்கள்? சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "அதெல்லாம் வந்துகினுதான் இருக்கான்" என்றிருப்பார். நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பீர்கள்.

பார்த்தது பாதி வேலை. பார்த்ததை, முடிவெடுக்கிற ஆள் காதில் விழும்படி சொல்வது மீதிப் பாதி. அதற்கு மேடைப் பேச்சு வேண்டாம், ஒரு தாள் போதும். ஜூனில் இத்தனை பேர், ஜூலையில் இத்தனை, ஆகஸ்ட்டில் இத்தனை, செப்டம்பரில் இத்தனை என்று நாலு எண்ணை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். அடியில், "பெட்ஷீட் நூறு வேண்டாம், நாற்பது போதும்" என்று ஒரே வரி எழுதிக் கல்லாவுக்குள் வைத்திருந்தால், இன்று பரண் காலியாக இருந்திருக்கும். காஸ்டிங் அம்மா பேசியது ஒரு வாக்கியம்தான். ஆனால் அதை மேனேஜர் மேஜை வரை நடந்து போய்ச் சொன்னார். நீங்கள் பழக வேண்டியது அந்த நடையைத்தான்.

அம்மா சொல்லும் பேங்க் வேலை. கெட்ட வேலை இல்லை, தாராளமாக எழுதலாம். ஆனால் அது பேசாதவர்களுக்கான அமைதியான வேலை என்று நினைத்து எழுதாதீர்கள். கிளார்க்காகச் சேர்ந்தால் கவுன்டர். மாதத்தின் முதல் வாரம் பென்ஷன் வாங்க வருகிற கூட்டத்தை ஒரு நாள் நின்று பாருங்கள். அதிகாரியாகப் போனால் இன்ஷூரன்ஸ் பாலிசி விற்கவும் கடன் வசூலிக்கவும் இலக்கு வைப்பார்கள். எதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறீர்களோ, அதையே நாள் முழுக்கச் செய்யவேண்டி வரும்.

எம்.பி.ஏ. இப்போது வேண்டாம் என்பேன். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி நல்ல கல்லூரி கிடைத்தால்கூட, இரண்டு வருடமும் கணிசமான பணமும் போகும். ஸ்டோர்ஸிலோ பர்ச்சேஸிலோ இரண்டு மூன்று வருடம் நின்றுவிட்டுப் போனால் வகுப்பில் சொல்வது ஒவ்வொன்றும் உங்களுக்குப் பிடிபடும். இன்று போனால், தோழியோடு சேர்ந்து மார்க்கெட்டிங் எடுத்துவிடுவீர்கள் என்று எனக்குச் சந்தேகம்.

படிக்கத்தான் வேண்டும் என்றால் சி.எம்.ஏ. இருக்கிறது. நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் ஐ.சி.டபிள்யூ.ஏ. என்று பழைய பெயரில்தான் சொல்வார்கள், காஸ்ட் அக்கவுன்டன்ட் படிப்பு. நீங்கள் பட்டதாரி என்பதால் ஃபவுண்டேஷன் எழுத வேண்டியதில்லை, நேராக இன்டர்மீடியட். இரண்டு குரூப்பாக எட்டுத் தாள். ஃபைனலில் மறுபடி எட்டு. ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்பது இதில் பெரிய வசதி. லேசான பரீட்சை இல்லை, முதல் தடவை ஒரு குரூப் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராதீர்கள், அது அங்கே சகஜம். ஒரு பொருளைச் செய்ய உண்மையில் எவ்வளவு ஆகிறது, எங்கே ஒழுகுகிறது என்பதுதான் அந்தப் படிப்பின் மையம். குக்கர் கணக்கின் பெரிய அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்மீடியட் புத்தகத்தில் காஸ்ட் அக்கவுன்டிங் தாளை மட்டும் யாரிடமாவது வாங்கி ஒரு வாரம் புரட்டிப் பாருங்கள். தூக்கம் வந்தால் விட்டுவிடுங்கள். டீ ஆறிப்போனது தெரியாமல் படித்தால் பணம் கட்டுங்கள்.

ஆடிட்டர் ஆபீஸ் வேலையை உடனே விட வேண்டாம். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடும்போது பத்து இருபது கம்பெனிகளின் வாங்கல், விற்பனை இரண்டும் உங்கள் கண் முன்னால் போகிறது. அது பெரிய பள்ளிக்கூடம். ரகசியம் காக்க வேண்டும், அது வேறு. எக்ஸெல்லை மட்டும் இன்னும் ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று மாதம் ஒரு சின்ன நோட்டில் தினமும் இரண்டே வரி எழுதுங்கள்: இன்று எந்த வேலை செய்யும்போது மணி பார்த்தேன், எந்த வேலை செய்யும்போது மணி பார்க்க மறந்தேன். தேதி போட்டு எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டு உங்களிடம் சொல்வதை நானோ மொபைலோ சொல்ல முடியாது.

அப்புறம் கடை. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கடிதம் முழுக்க அதன் வாசனைதான். அண்ணன் முன்னால் நிற்க, நீங்கள் பின்னால் இருந்து எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது, எப்போது வாங்குவது என்று முடிவு செய்தால் அது நல்ல ஜோடி. ஒரு பக்கெட் கடையில் தினமும் நாலு மக் விற்கிறது, சரக்கு வர ஆறு நாள் ஆகிறது என்றால், இருபத்துநாலு மக் மிச்சம் இருக்கும்போதே ஆர்டர் போக வேண்டும், மேலே ஒரு பத்து கையிருப்புக்கு. இதை அண்ணன் செய்ய மாட்டான், அவனுக்கு வாசலில் வருகிற முகம்தான் முக்கியம். அது அவன் பலம், இருக்கட்டும்.

ஆனால் 'வீட்டுக் கடைதானே' என்று சும்மா உழைக்காதீர்கள். நாளைக்குக் கல்யாணமாகிப் போகிற பொண்ணுக்குப் பங்கு எதுக்கு என்ற பேச்சு எந்த வீட்டிலும் வரும், நல்ல வீட்டிலும் வரும். கடைக்குள் முழு நேரமாக வருவதானால் மாதச் சம்பளமாவது பேசிக்கொள்ளுங்கள். பங்கு என்றால் கூட்டு ஒப்பந்தம் எழுதி, லாபத்தில் யாருக்கு எவ்வளவு என்று சதவீதம் போட்டு, பதிவும் செய்துவிடுங்கள். 1932-ம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தில் பதிவு கட்டாயம் இல்லைதான். ஆனால் பதிவு இல்லாத கூட்டு நிறுவனம், சரக்கு வாங்கிய வெளி ஆள் பணம் தராவிட்டால் ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது. பங்காளிகளுக்குள்ளேயும் அதே சிக்கல் வரும். அண்ணன் மேல் சந்தேகப்படச் சொல்லவில்லை. டெபாசிட் நோட்டு எழுதுகிறவர் நீங்கள், குக்கர் வாங்கிப் போகிறவர் மேல் சந்தேகப்பட்டா எழுதுகிறீர்கள்?

மாவட்டத் தொழில் மையத்தில் கடன் கிடைக்குமா என்று உங்கள் அடுத்த கேள்வி வரும். பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்களுக்கு மானியம் அதிகம். ஆனால் அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு, ஏற்கெனவே நடக்கிற அப்பா கடையை விரிவாக்குவதற்கு இல்லை. உங்கள் பெயரில் தனியாக ஏதாவது தொடங்கும் நாளில் அங்கே போங்கள். இன்று தேவைப்படுவது 5,500 ரூபாய், அதற்குக் கடன் வேண்டாம்.

அந்தப் பணத்தையும் முழுதாகக் கையிலிருந்து போட வேண்டியதில்லை. பெரிய குக்கரில் சிலவற்றை விற்றாலே பெரும்பகுதி வந்துவிடும். விற்பதற்கு முன்னால் ஒன்று. நான்குதான் வெளியே போகும் என்று எழுதியிருக்கிறீர்கள், அது வழக்கமான நாளின் கணக்கு. டெபாசிட் நோட்டைப் பின்னோக்கி ஒரு வருடம் புரட்டி, ஒரே நாளில் அதிகபட்சம் எத்தனை ஐந்து லிட்டர் வெளியே இருந்தது என்று பாருங்கள். குடும்பத்தோடு நாலைந்து பேராக வருகிற சீசன் ஏதாவது இருக்கலாம். ஏழு என்று வந்தால் எட்டை வைத்துக்கொண்டு ஆறை விற்றுவிடுங்கள். பழைய குக்கர் பாதி விலைக்குப் போனாலும் ஆறுக்கு 4,200 ரூபாய் வரும், புதுசு மூன்றுக்கு மேலேயே வாங்கலாம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, சனிக்கிழமை ராத்திரி கடை சாத்தும்போது அப்பாவின் கல்லாவுக்குள் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். அவர் படித்து முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள்.